சாணக்குழியில் இறங்கிய மின்சாரம்

மகாநதிக் கரையிலுள்ள எங்கள் ஊர், மின்சாரம் வந்த நாள்முதல் கற்ற மருத்துவம் ஒன்றே ஒன்று: மின்சாரம் தாக்கியவனைக் கழுத்துவரை சாணத்தில் புதை, உடம்பில் தங்கிய மின்சாரத்தைச் சாணம் உறிஞ்சிவிடும்! வயலில் மோட்டாரும் சட்டைப்பையில் கைபேசியும் வைத்திருக்கும் மேதைகளின் கண்டுபிடிப்பு இது.

மோட்டாரின் தோல் உரிந்த கம்பியைத் தொட்ட பிசாகு, வரப்பில் தூக்கி எறியப்பட்டான். மூச்சு இருந்தது. உள்ளங்கையில் காசளவு கருகல். மனைவி சுக்வாரோ ஓடிவருவதற்குள் ஊரார் அவனைச் சாணக்குழியில் இறக்கிச் சாணத்தை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை, ஊர்த்தலைவர் மெகத்தர்.

"மாமா, உதடு நீலமாகுது பாருங்க! நெஞ்சை இப்படி அமுக்கினா எப்படி மூச்சு விடுவாரு? ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

"கரண்டு இன்னும் இறங்கல மருமகளே. இப்ப எடுத்தா பாதி உள்ளயே நின்னுடும்."

"போன வருசம் இதே குழியில தானே ராம்சாய் செத்தாரு?"

"அவனுக்கு ஏறின கரண்டு ஜாஸ்தி. சாணத்தைக் குத்தம் சொல்லாத!"

இந்த அறிவுக்கடலிடம் மன்றாடிப் பயனில்லை. சுக்வாரோ குனிந்து சாணத்தில் கை வைத்தாள்; மறுகணம் அலறிக்கொண்டு கையை உதறினாள்.

"ஐயோ! சுரீர்னு இழுக்குது! மொத்தக் கரண்டும் சாணத்துல இறங்கிடுச்சு!"

கூட்டம் சிதறியது. ஒற்றைச் செருப்பைக் குழியில் விட்டுவிட்டு முதலில் பாய்ந்தவர் தலைவர்தான்.

"மாமா, ஒரு கை பிடிங்க!"

"நான் வயசானவன் தாயி... நீயே எடுத்துக்க!"

அவளும் நாத்தனார் துகல்ஹினும் இரு கைகளாலும் தோண்டி அவனை வெளியே இழுத்தார்கள். ஆட்டோக்காரன் பின்வாங்கினான்.

"கரண்டுதான் குழியில கிடக்கே! இந்த உடம்பைப் பார்த்து உனக்கென்னடா பயம்? ஏத்து!" என்றாள் துகல்ஹின்.

மருத்துவமனையில் டாக்டர் மிஞ்ச் அவன் இதயத்துடிப்பைக் கருவியில் பார்த்தார். நரம்பில் உப்புநீர் ஏற்றினார்.

"வெளியில காசளவு புண்ணு, உள்ள தசையெல்லாம் வெந்திருக்கு. சிறுநீர் கறுத்துப் போயிருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும். ஆமா, சாணத்தை எதுக்குப் பூசினீங்க?"

"பூசல டாக்டரம்மா. புதைச்சாங்க" என்றாள் சுக்வாரோ.

இரண்டு விரல்களை இழந்து, உயிரோடு திரும்பினான் பிசாகு. தன் மருத்துவமே அவனைக் காத்தது என்று தலைவர் இன்றும் முழங்குகிறார். மின்சாரம் குடித்த அந்தக் குழியைச் சுற்றி ஊரே கூடி முள்வேலி போட்டது, மாடுகூட அண்டுவதில்லை.

மோட்டாரின் தோல் உரிந்த கம்பி மட்டும் இன்றும் அப்படியே தொங்குகிறது.