மாடிக்குப் போன ஏழாம் வகுப்பு

ஏழாம் வகுப்பை மாடிக்கு மாற்றிய பிறகுதான் கலைச்செல்வி தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு கால்களும் விறைப்பு. ஊன்றுகோல் இருந்தால் சமதரையில் யாரோடும் நடந்துவிடுவாள். படி மட்டும் தனியாக ஆகாது. பள்ளிக் கழிப்பறையோ கீழே, மைதானத்து ஓரத்தில் இருந்தது. காலையில் தோழி ஷிஜாவின் தோளைப் பிடித்து ஏறுவாள். சாயங்காலம் அதே தோளைப் பிடித்து இறங்குவாள். நடுவில் இன்னொரு தரம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மணி அடித்ததும் ஷிஜா விளையாட ஓடிவிடுவாள். அதனால் கலை வீட்டிலேயே காலைச் சாயாவை விட்டாள். பிறகு மத்தியானத் தண்ணீரையும் விட்டாள்.

அம்மா உச்சிமாகாளிக்குக் கரமனையில் ஓட்டல் அடுக்களை வேலை, விடியுமுன் போய்விடுவாள். அப்பா லிங்கராஜ் விழிஞ்ஞத்தில் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மகளின் உதடு வெடித்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

ஐப்பசித் துலாமழை பெய்த ஒரு மத்தியானம் அவளால் அடக்க முடியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் கீழே போன பிறகு படிக்கு வந்தாள். ஷிஜா கீழே எங்கோ இருந்தாள். கைப்பிடியைப் பற்றி, சாரல் நனைத்த படிகளில் ஒவ்வொன்றாகக் காலை இழுத்தாள். திருப்பம் வரை வந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. பாவாடை நனைந்து, சூடாகக் கால் வழியே இறங்கி, கீழ்ப்படியில் சொட்டியது.

அப்போதுதான் இடைவேளை முடிந்த மணி அடித்தது. மேலே ஏறிவந்த பிள்ளைகளில் ஷிஜாவும் இருந்தாள்.

“ஷிஜா,” என்று மெல்லக் கூப்பிட்டாள்.

ஷிஜா பாவாடையைப் பார்த்தாள். பக்கத்தில் வந்த பெண்களைப் பார்த்தாள். “இப்ப வராம்,” இதோ வருகிறேன் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி ஏறிப்போனாள். வரவில்லை.

மறுநாள் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. சிறுநீரகம்வரை கிருமி ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று டாக்டர் கேட்க, அம்மாவை வைத்துக்கொண்டே அவள் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

“எங்கிட்ட ஏன் பிள்ள சொல்லல?”

“சொன்னா நீ வேலைய விட்டுட்டு எம்பின்னால வந்து நிப்பல்லா.”

உச்சிமாகாளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உடம்பு தேறியதும் இருவரும் தலைமையாசிரியை ஷைலஜா டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் உட்காரவைத்து அன்பாகத்தான் பேசினார். கீழே அறை காலியில்லை, இந்த வருடம் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். குழந்தை வீட்டில் இருக்கட்டும், இடையிடையே ஒரு டீச்சர் வந்து சொல்லிக்கொடுப்பார், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்றார்.

“அதுவும் நல்லதுதானே? ஒனக்கும் கஷ்டமில்ல,” என்றாள் அம்மா.

காய்ச்சலில் கிடந்த நாட்கள் கலைக்கு நினைவு வந்தன. ஒற்றை அறை. பயத்தில் அம்மா வெளியே பூட்டிவிட்டுப் போன கதவு. இருட்டும் வரை யாரும் வராத பகல்.

“எம்மா, நான் படியில உக்காந்து எறங்கிக்கிடுவேன்.”

எல்லாரும் பார்ப்பார்களே என்றார் டீச்சர்.

“பாக்கட்டும்.”

அப்படித்தான் இறங்கினாள். ஊன்றுகோல்களை முன்னால் தள்ளிவிட்டு, உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக. ஏறுவதும் அப்படியேதான், பின்பக்கமாக. இடுப்புக்குக் கீழே கன்றிப்போனது. பாவாடையின் பின்பக்கம் நைந்து, அம்மா ஒட்டுப்போட்டாள். முதலில் பிள்ளைகள் கூட்டம்கூடிப் பார்த்தார்கள். பிறகு அவளைத் தாண்டிக் குதித்துப் போகப் பழகிக்கொண்டார்கள். வகுப்பு மாடியிலேயே இருந்தது. ஷிஜா வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

ஒருநாள் ஊன்றுகோல் ஒன்று கைநழுவி அடிவரை உருண்டது. கீழே நின்ற ஷிஜா அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். தலை நிமிரவில்லை. மைதானத்துப் பக்கம் போய்விட்டாள்.

கலைச்செல்வி அவளைக் கூப்பிடவில்லை. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த படியில் ஊன்றினாள்.