சாம்பல் போட்ட செடிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலக் கடற்கரையில், லியோனா மூன்று வாரம் ஜன்னல் திரையை விலக்காமல் வைத்திருந்த கதையைச் சொல்கிறேன்.

படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமனார் ஆல்டனின் வாயில் அவள் குட்டியாய், நீலமாய் ஒரு ப்ளூபெர்ரிப் பழத்தை வைத்தாள். இன்று தாண்டாது என்று காலையிலேயே நர்ஸ் சொல்லிவிட்டிருந்தாள். கணவன் ராஸ்கோ சிங்கி இறால் பிடிக்கப் போயிருந்தான். தகவல் போய்விட்டது, படகு திரும்ப மதியமாகும்.

ஜன்னல் திரைக்கு அப்பால் பன்னிரண்டு ப்ளூபெர்ரிச் செடிகள். பைன் மர ஊசியிலைகளைக் கொட்டிக் கொட்டி, அந்தச் செடிக்கு வேண்டிய மண்ணின் புளிப்புக் குறையாமல் முப்பது வருடம் ஆல்டன் வளர்த்தவை. போன மார்ச்சில், நல்லது செய்வதாக நினைத்து, விறகு அடுப்புச் சாம்பலை வாளி வாளியாக அவற்றின் அடியில் கொட்டியது லியோனாதான். அவள் தாய்வீட்டில் முட்டைக்கோசுக்கு அப்படித்தான் போடுவார்கள். சாம்பல் மண்ணின் புளிப்பைத் தின்றுவிட்டது. ஜூலையில் இலையெல்லாம் மஞ்சள்; நரம்பு மட்டும் பச்சை. பிஞ்சுகள் சுருங்கி உதிர்ந்தன.

தம்பி வீட்டு ஆடு அதில் ஒரு கிளையைக் கடித்ததற்காக அந்தத் தம்பியோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்த மனிதர் அவர். தன்னை வெறுத்துக்கொண்டே கண்ணை மூடிவிடுவாரோ என்று லியோனா பயந்தாள். வெயில் கண் கூசுகிறது என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டாள். அன்று பக்கத்து வீட்டு வெர்னாவிடம் பழம் வாங்கிவந்து, நம் தோட்டத்துப் பழம் என்று ஊட்டினாள்.

அவர் மெல்லாமல் நாக்கிலேயே வைத்திருந்தார்.

"இது வெர்னா வீட்டுப் பழம்."

"இல்ல மாமா, நம்மளுதுதான்."

"நம்மளுது புளிக்கும். இது அவளாட்டமே. வாயெல்லாம் இனிப்பு, உள்ள ஒண்ணுமில்ல."

அவள் கிண்ணத்தில் அடுத்த பழத்தைத் தேடினாள்.

"பனி மேல நீ சாம்பல் கொட்டினத இந்த ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றார்.

கண்ணாடியை ஒருமுறை தட்டியிருந்தால் போதுமே, ஏன் தட்டவில்லை என்று மெல்லக் கேட்டாள்.

மூச்சு வாங்க அவருக்கு நேரமானது.

"பாடிக்கிட்டே கொட்டினே. உன் குழந்த செத்துப் போனப்புறம் அன்னிக்குத்தான் நீ பாடினே."

இன்னொன்று கொடு என்று வாயைத் திறந்தார். கொடுத்தாள். இன்னொன்று. அதை அவர் விழுங்கவில்லை.

மாமா என்று கூப்பிட்டாள். நெஞ்சின் மேல் போர்வை அசைகிறதா என்று பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. பழச்சாறுதான் என்று சொல்லிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தாள். துணியில் நீலம் வந்தது. துணியைத் திருப்பி மறுபடியும் துடைத்தாள்.

இந்தத் தடவை துணி வெள்ளையாகவே இருந்தது. உதடு நீலமாகவே இருந்தது.

உங்கள் வீட்டில் எல்லாரும் நெடுநாள் நன்றாக இருங்கள், கண்ணுகளா. படுக்கையில் கிடப்பவர் யாரும் இருந்தால், பக்கத்தில் ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும்.