நடந்துவந்த தார்ச்சாலை

பாலைவன நகரான வர்க்லாவுக்குத் தெற்கே, ஹாசி பெல்கீர் என்னும் சிற்றூரை ஒட்டிய தார்ச்சாலை, போட்ட மறு ஆண்டிலேயே பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு நான்கு மீட்டர், காற்று வீசும் திசையில். அவ்வாண்டு பேரீச்சை விளைச்சல் சுமார்தான்.

காரணம் சோதனைக்கூடப் பரிசோதகர் பூஜெமாவுக்குத் தெரியும். உடைகல் மணலை வைத்துக் கலவை வகுத்தவர் அவர். பாதி வேலையில் கல்லுடைக்கும் இயந்திரம் பழுதாகவே, மேற்பார்வையாளர் மொக்தார் பக்கத்து மணற்குன்றை வாரித் தாரில் கொட்டினார். காற்று உருட்டி உருட்டி மழுக்கிய மணல் அது. ஓரிடத்தில் இருந்து பழகாதது.

"மணல்ல என்ன ஹாஜி, பொண்ணா பாக்கப் போறீங்க?" என்று பூஜெமாவைக் கேட்டார் மொக்தார்.

"அது நிக்காதுப்பா."

"சோதனை வில்லை தேறுச்சா, இல்லையா?"

தேறியிருந்தது. தார்க்கலவையை அச்சிலிட்டு, சம்மட்டியால் பக்கத்துக்கு எழுபத்தைந்து அடி அடித்து, அறுபது பாகைச் சுடுநீரில் ஊறவைத்து நசுக்கியபோது, மாதிரி வில்லை மயிரிழையில் தேறிவிட்டது. பூஜெமா கையொப்பமிட்டார்.

சாலையிலிருந்து நாற்பது மீட்டரில், அது நடக்கும் வழியில், அவருடைய வீடு இருந்தது. குறுக்கே பள்ளம் வெட்டினார்; சாலை இறங்கி ஏறியது. வீட்டை விற்கப் பார்த்தார், வாங்க ஆளில்லை. வசந்தந்தோறும் சாலையைத் துளைத்து மாதிரி எடுத்தார். விரிசலில்லை, சக்கரத்தடம் பதியவில்லை. நடையைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லாததால் ஓரத்தில் எழுதி அனுப்பினார். ஓரக்குறிப்புகள் பரிசீலிக்கப்படா என்று தலைமையகத்திலிருந்து நான்கு முறை பதில் வந்தது.

சாலை நடக்கத் தொடங்கிய ஒன்பதாம் ஆண்டு, அவர் அளந்துவிட்டு வந்தபோது மனைவி மெசவூதா கேட்டாள்: "இன்னும் எவ்வளவுங்க?"

"ஆறு மீட்டர்."

"அப்ப பெருநாள் ஆட்டைக் கொல்லையில கட்டுங்க. வாசல்ல கட்டினா லாரிக்காரன் குர்பானி குடுத்துருவான்."

சாலை முன்சுவரைத் தொட்ட வாரம், லாரிகள் மோதாதிருக்கப் பக்கச் சுவர்கள் இரண்டையும் பூஜெமா தம் கையாலேயே இடித்தார். இப்போது சாலை கூடத்துக்குள் ஓடுகிறது; முன்னறை அதற்கு அந்தப் பக்கம், அடுக்களை இந்தப் பக்கம். தொழுகை வேளையில் ஓட்டுநர்கள் ஒலிப்பானை அடிப்பதில்லை. மெசவூதா இருபுறமும் பார்த்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு கடந்து வருகிறாள். இந்த வசந்தத்தில் பூஜெமா தம் கூடத்திலேயே துளையிட்டு மாதிரி எடுத்து நசுக்கிப் பார்த்து, 'தகுதியுடையது' என்று எழுதினார். சாலை பின்சுவரைக் கடக்க இன்னும் மூன்று ஆண்டு ஆகும். கடந்தபின் வெள்ளையடிப்பதாக இருக்கிறார்கள்.