பத்திரமாக வைக்கப்பட்ட ஏழு கவுன்சிலர்கள்

எண்ணூருக்கு வடக்கே காட்டுத்துறை பேரூராட்சியின் தண்ணீர் லாரி ஒன்று, கன்டெய்னர் யார்டில் டிரெய்லர்களைக் கழுவிக்கொண்டிருந்த படம் பத்திரிகையில் வந்தது. லாரி எண் தெளிவாகத் தெரிந்தது. அந்த லாரி ஆறாவது வார்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று லாரிகளைத் தலைவர் வரதன் யார்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எதிர்க்கட்சியினர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

உறுப்பினர்கள் பதினைந்து பேர். பன்னிரண்டு கை உயர்ந்தால் தலைவர் பதவி போய்விடும். எதிர்க்கட்சிக்கு ஏழு கைதான் இருந்தது. மீதி எட்டுப் பேர் வரதனின் கட்சி. வரதனைத் தவிர்த்த ஏழு பேரைக் கூட்டம் முடியும்வரை மறைத்து வைத்தால் போதும் என்று மாவட்டச் செயலாளர் அன்பரசன் கணக்குப் போட்டு, ஈ.சி.ஆரில் ரிசார்ட் பிடித்தார்.

ஆறாவது வார்டு கவுன்சிலர் ஹில்டாவின் கணவர் செல்வநாதன், இரண்டு சட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளு. போன புடுங்கி வச்சிக்குவாங்கோ. நீ பேஜாராவாத."

"நா வர வேணாமா?" என்றாள் ஹில்டா.

"நீ எதுக்கு? கவுன்சிலருங்கள மட்டுந்தான் இட்டுக்கினு போறாங்கோ."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் பெண்கள். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகளில் நின்று ஜெயித்தவர்கள். ஆனால் கட்சிக் கூட்டத்துக்குப் போவதும், டெண்டர் பேசுவதும், மாலை வாங்குவதும் கணவர்கள். மாவட்ட அலுவலகத்தில் கவுன்சிலர்கள் என்று எழுதி வைத்திருந்ததும் கணவர்களின் பெயர்களைத்தான். வேனில் ஏறிய ஏழு பேரில் உண்மையான கவுன்சிலர்கள் இரண்டு பேர்தான்; அதில் ஒருவர் வரதனின் தம்பி.

மறுநாள் கூட்ட அறிவிப்போடு வந்த பேரூராட்சி ஊழியர் தாமஸ், ஹில்டாவின் கையெழுத்தை இரண்டு முறை பார்த்தார்.

"இன்னா மேடம், ஆபீஸ்ல கீற கையெழுத்து இது இல்லியே."

"அது அவரோடது. இதான் என்னுது."

மாலையில் ராமசெல்வி போன் செய்தாள். பத்தாவது வார்டு.

"ஹில்டாக்கா, நம்மள எப்டி ஓட்டு போட சொல்லிக்கிறாங்கோ?"

"எங்கிட்ட ஒன்னும் சொல்லல. உங்கிட்ட?"

"அவரு கறிகொழம்ப ஃபிரிட்ஜ்ல வைக்க சொன்னாரு. அவ்ளோதான்."

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. கால்வாய் தூர் வாரும் வேலையை மச்சான் பெயரில் எடுத்துத்தான் செல்வநாதன் குடும்பத்தை நடத்தினார். கையைத் தூக்கினால் அது போகும். தூக்காவிட்டால் தெருமுனையில் காலிக் குடங்களோடு நிற்கும் பெண்களைத் தாண்டித்தான் தினமும் மாதா கோயிலுக்குப் போக வேண்டும்.

கூட்ட அரங்கில் ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வரதன் புன்னகைத்தார். ஆதரவுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இன்னாம்மா, அண்ணங்க இல்லாம தனியாவா வந்தீங்கோ?"

"அவங்கல்லாம் கவுன்சிலருங்கோ. ரிசார்ட்டுல கீறாங்கோ, தலைவரே," என்றாள் ராமசெல்வி.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. ஏழு கைகள் உயர்ந்தன. ஹில்டா மடியில் கிடந்த தன் கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உயர்த்தினாள். பக்கத்தில் நான்கு கைகள் உயர்ந்தன. வரதன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

ரிசார்ட்டில் இறால் வறுவல் தட்டோடு நின்றிருந்த செல்வநாதன், தொலைக்காட்சியின் அடியில் தன் பெயர் ஓடுவதைப் படித்தார்: "சொந்தக் கட்சித் தலைவருக்கு எதிராக வாக்களித்தார் செல்வநாதன்."

"நா இங்கதான கீறேன்," என்றார் காவலுக்கு இருந்தவனிடம். அவனும் அதை ஒப்புக்கொண்டான்.

மறுநாள் கட்சி அறிக்கை வெளியிட்டது. கட்டுப்பாட்டை மீறியதால் கீழ்க்கண்ட ஐந்து பேர் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கம். ஐந்தும் கணவர்களின் பெயர்கள். கட்சி சொன்ன இடத்தில் மூன்று நாள் அசையாமல் இருந்தவர்கள் வெளியே போனார்கள். கையைத் தூக்கியவர்கள் கட்சியிலேயே இருந்தார்கள்.

கட்சியைவிடக் கொள்கையே பெரிது என்று காட்டிய செல்வநாதனை ஒரு நாளிதழ் பாராட்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவர், முதல் நாள் ஹில்டாவோடு பேசவில்லை. இரண்டாம் நாள் பாராட்ட வந்தவர்களிடம், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மூன்றாம் நாள் ஒரு நிருபரிடம், "மன்சாட்சினு ஒன்னு கீதுல்ல," என்று சொல்வது உள்ளே இருந்த ஹில்டாவுக்குக் கேட்டது.

அடுத்த வாரம் புதிய தலைவர் தேர்தல். ஐந்து பெண்களும் இல்லாமல் கட்சிக்கு மூன்று கைதான். அன்பரசன் தானே ஹில்டாவின் வீட்டுக்கு வந்தார். பழக்கத்தில் செல்வநாதன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செல்வா, கொஞ்சம் வெளிய இரு. கட்சி விசயம் பேசணும்."

செல்வநாதன் வாசலுக்குப் போனார்.

"வரதனோட தம்பிய நிறுத்தறோம்மா. உங்க அஞ்சு கையும் வேணும்."

"அதே வூட்டு ஆளு வேணாங்க. ராமசெல்விய நிறுத்துங்கோ. லாரி மொதல்ல வார்டுங்களுக்கு வரணும். அப்ப தூக்கறோம்."

அன்பரசன் யோசித்தார்.

"அவங்க வூட்டுக்காரரு இதுக்கு இன்னா சொல்றாரு?"

"அவரத்தான் நீங்க கட்சிய விட்டு நீக்கிட்டீங்களே."

அன்பரசன் போனை எடுத்து, ராமசெல்வியின் நம்பரைக் கேட்டார்.