தகப்பன் பெயர் தெரியாத பூ

மலர்க்காட்சி நடத்துகிற பெரிய மனிதர்களுக்குப் பூ என்றால் உருண்டையாக இருக்க வேண்டும். ரோஜா உருண்டை, டேலியா உருண்டை, செவ்வந்தி உருண்டை. இதழ்மேல் இதழ் ஏறி, நடுவில் சந்து தெரியாமல் அடைத்துக்கொண்டிருந்தால்தான் பரிசுச் சீட்டு ஒட்டுவார்கள். எனக்கு அந்த அடைசலே ஆகாது. இதழும் இதழும் விலகி நிற்க வேண்டும், காற்று ஊடே போய்வர வேண்டும். அப்படி ஒரு பூவுக்காகத்தான் ஏழு வருஷம் மண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

என் பெயர் முருகம்மாள். பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்த குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே மாணவிகள் கத்தரிப்பூவை வைத்துக் கலப்பினம் உண்டாக்கப் பழகுவார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் தடவி, காகிதப் பை மாட்டி, அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். பை வெட்டிக் கொடுப்பது என் வேலை. பரீட்சை முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். நான் மறக்கவில்லை.

எழுபத்தேழில் கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் போனபோது, ஒரு பங்களாத் தோட்டத்தில் டே லில்லிச் செடிகளைப் பிடுங்கி வேலி ஓரம் எறிந்திருந்தார்கள். காலையில் விரிந்து பொழுது சாய்வதற்குள் சுருண்டுவிடுகிற பூ அது. மறுநாள் அதே தண்டில் வேறொரு மொட்டு விரியும். ஒன்பது தூரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். வண்டியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நட்டேன். சித்திரை வெயிலில் ஐந்து போய்விட்டது. மிஞ்சியவை நான்கு: ஒரு செங்கல் நிறம், ஒரு ஆரஞ்சு, ஒரு தடித்த மஞ்சள், இன்னொன்று இதழ் மெலிந்த மஞ்சள். அந்தக் கடைசிச் செடிக்கு என் கணவர் மலைச்சாமி நோஞ்சான் என்று பெயர் வைத்தார். எனக்கு நோஞ்சானைத்தான் பிடித்திருந்தது.

அவருக்கு நூல் மில்லில் சாயப் பிரிவில் வேலை. கழிவு நூல் கொண்டுவருவார். எழுபத்தொன்பதில் செங்கல் நிறச் செடியைத் தாயாக வைத்துக்கொண்டு மற்ற மூன்றின் மகரந்தத்தையும் தடவினேன். நோஞ்சான் தடவிய பூவுக்கு நீல நூல், ஆரஞ்சுக்குச் சிவப்பு, தடித்த மஞ்சளுக்கு வெள்ளை. முப்பத்திரண்டு காய் பிடித்தது. எந்தக் காய்க்கு யார் தகப்பன் என்பதற்கு அந்த நூலை விட்டால் வேறு சாட்சி இல்லை. தாளில் எழுதி வைக்கத் தோன்றவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால், முப்பத்திரண்டு காயிலும் மஞ்சள் நூல். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் கையெல்லாம் மஞ்சளாக, சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. பிள்ளை வரம் கேட்டு நான் செடியில் நூல் கட்டியிருக்கிறேன் என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள்.

"நீல நூல்ல யாராச்சும் நேர்ந்துக்கிடுவாகளாடி? சாமி எப்படி ஏத்துக்கும்? அதான் எல்லாத்தையும் அவுத்துப்புட்டு, மஞ்சள்ல நனைச்ச நூலாக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டுத்தான் கட்டினேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளைக் கடித்துத் துப்பியிருப்பேன். உள்ளே போய் அழுதேன். ஒரு மாசம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு, எனக்காக முப்பத்திரண்டு முறை கும்பிட்டவள் மேல் எவ்வளவு நாள்தான் கோபமாக இருப்பது? அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை வாங்கிக்கொண்டேன்.

விதைகளைத் தகப்பன் தெரியாமலேயே விதைத்தேன். நூற்று நாற்பது நாற்று. எண்பத்திரண்டில் ஒரு காலை, கடைசி வரிசையில் ஒரு பூ விரிந்திருந்தது. ஆறு இதழும் தனித்தனி. ஒவ்வொன்றும் ஆறரை அங்குல நீளம், அகலம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நுனி முறுக்கிக்கொண்டு, சுவரில் கால் பரப்பிய எட்டுக்கால் பூச்சி மாதிரி நின்றது. கரும் செங்கல் நிறம், தொண்டையில் பச்சை. அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, அது சுருளும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதன் தகப்பன் நோஞ்சான்தான் என்று மனசு சொல்கிறது. மனசு சொல்வதை நான் சத்தியம் பண்ண முடியாது.

எண்பத்து நான்கு மாசியில் வைகைக்கரை மலர் வளர்ப்போர் சங்கத்தின் காட்சி வந்தது. 'புதிய வகை' என்று ஒரு பிரிவு. தேறினால் சங்கப் பதிவேட்டில் பூவின் பெயரையும் வளர்த்தவர் பெயரையும் ஏற்றுவார்கள். எனக்குப் பரிசுக் கோப்பை வேண்டாம், அந்த ஒரு வரி வேண்டும். அதன் பக்கக் கன்று ஒன்றை நட்டிருந்த தொட்டியை மலைச்சாமி சைக்கிள் கேரியரில் கட்டி, ஓட்டாமல் உருட்டிக்கொண்டே வந்தார். பூ காலையில்தான் விரிந்திருந்தது.

நடுவராக வந்தவர் சங்கத் தலைவரே. மில் முதலாளி. வீட்டில் நானூறு ரோஜாத் தொட்டி. என் பூவின் முன்னால் அவர் கால் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது ஸ்பைடர் ரகம். அமெரிக்காவிலேர்ந்து நாலு கிழங்கு வரவழைச்சேன், அத்தனையும் அழுகிப்போச்சு. உனக்கு எங்கேம்மா கிடைச்சது?"

"கிடைக்கலங்கய்யா. நான் உண்டாக்குனது."

அவர் விண்ணப்பத் தாளை வாங்கிப் படித்தார். பூவின் பெயர்: முருகம்மாள். வளர்த்தவர்: முருகம்மாள். தாய்ச்செடி: செங்கல் நிற டே லில்லி. தகப்பன் செடி: தெரியாது.

"தகப்பன் தெரியாதா?" என்று உரக்கக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். "பூவுக்கு உன் பேரையே வச்சிருக்கே. முருகம்மாள்னு ஒரு பூவா?"

"ஏன்யா, ராணி பேரெல்லாம் ரோசாப்பூவுக்கு இருக்குல்ல. அந்த ராணிக என்ன மண்ணு சொமந்தாகளா?"

சிரிப்பு நின்றது. அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்தார்.

"இதோ பாரும்மா, விதிப்படி ரெண்டு பக்கமும் தெரியணும். நான் ஒரு வழி சொல்றேன். தகப்பன்ங்கிற இடத்துல என் தோட்டத்துச் செடின்னு எழுது. பேரு சுந்தரம்மாள்னு வை, என் வீட்டுக்காரி பேரு. வளர்த்தவர்ல என் பேரோட உன் பேரும் இருக்கட்டும். முதல் பரிசு உனக்குத்தான்."

ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். முதல் பரிசு என்றால் கல்லூரியில் என்னைப் பை வெட்டச் சொல்கிற அம்மாமார் எல்லாம் எழுந்து நின்று பார்ப்பார்கள். ஆனால் அவர் தோட்டத்தின் வாசல் கேட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

"உங்க செடி எங்க வீட்டுப் பக்கம் வந்ததே இல்லங்கய்யா. வராததை வந்துச்சுன்னு எப்படி எழுதுறது? தெரியாததைத் தெரியாதுன்னுதான் எழுதியிருக்கேன். பேரும் மாத்த மாட்டேன்."

"அப்ப தாள் செல்லாது. தொட்டியை வெளியே கொண்டுபோ."

கொண்டுபோனேன். ஆனால் வீட்டுக்கு இல்லை. நுழைவாயில் பக்கம், டிக்கெட் வாங்குகிற வரிசைக்கு எதிரே தொட்டியை இறக்கினேன். சோடாக் கடையில் ஓர் அட்டை வாங்கி எழுதி மாட்டினேன்: 'பூவின் பெயர் முருகம்மாள். வளர்த்தவர் முருகம்மாள். இன்று சாயங்காலம் வரைதான் இருக்கும்.'

"ஏ புள்ள, போலீஸ் வரப்போகுது" என்றார் மலைச்சாமி.

"வரட்டும். வாரவுகளும் பாத்துட்டுப் போகட்டும்" என்றேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

டிக்கெட் வாங்க வந்தவர்கள் வரிசையை விட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். இது நிஜப் பூவா, காகிதமா என்று கேட்டார்கள். ஒரு கட்டத்தில் உள்ளே இருந்தவர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். நின்று நின்று கால் வீங்கிவிட்டது. ஐந்து மணிக்குப் பூ சுருண்டபோதுதான் உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் வந்தார். "ஒரு பக்கக் கன்று குடும்மா. என்ன கேட்டாலும் தாரேன்."

"எதுவும் வேணாம்யா. வீட்டுக்கு வாங்க, தாரேன்."

"டிரைவரை அனுப்புறேன்."

"டிரைவர் வந்தா தர மாட்டேன்."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் ஞாயிறு காலை எங்கள் தெருமுனையில் கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. நான் அசையவில்லை. மறுபடியும் அடித்தது. கடைசியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டித் தாண்டி, எங்கள் தெருவுக்குள் நடந்தே வந்தார். தெரு முழுக்க வாசலில் நின்றது.

சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடித்தார். பின்பக்கம் அழைத்துப் போனேன். அன்றைக்கு ஆறு பூ விரிந்திருந்தது. அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கையோடு கொண்டுவந்த சாக்கை என்னிடம் நீட்டினார்.

"பதிவேடு கொண்டுவந்தீகளாய்யா?"

"அது எதுக்கு இப்ப?"

"பேரு ஏறுன பெறகுதான் மண்ணுல கை வைப்பேன். பூவு சாயங்காலம் வரைக்கும் இருக்கும். போய்ட்டு வாங்க."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. விறுவிறுவென்று போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. "கெடுத்துட்டியே" என்று மலைச்சாமி தலையில் கை வைத்தார். நான் கூப்பிடப் போகவில்லை.

மூன்று மணிக்குக் கார் திரும்பி வந்தது. இந்த முறை ஹாரன் அடிக்கவில்லை. கக்கத்தில் நீளமான பதிவேட்டுடன் நடந்து வந்தார். செடியின் முன்னால் நின்றபடியே திறந்து எழுதினார். பெயர் எழுதினார், வளர்த்தவர் எழுதினார், தாய்ச்செடி எழுதினார். அடுத்த கட்டத்தில் கோடு போடப் பேனாவைச் சாய்த்தார்.

"கோடு போடாதீகய்யா. தெரியாதுன்னு எழுதுங்க."

எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மண்வெட்டியை எடுத்தேன்.