பதிமூன்று ஏ

1

இந்தக் கதை என் சமையலறையில் இருக்கும் ஒரு ரைஸ் குக்கரிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐந்து வருடங்களாக அதில்தான் எங்கள் வீட்டுச் சோறு வேகிறது. மூடியின் பிடி உடைந்து, கம்பி கட்டியிருக்கிறேன். அது எப்படி என்னிடம் வந்தது என்பதை இப்போதே சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும். பொறுங்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "1993. காலைப் பனியைக் கிழித்துக்கொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்து..." அடித்துவிட்டேன். பினாங்கில் ஏது பனி?

இரண்டாவது: "கணினிகளும் மனிதர்களைப் போலத்தான்..." இதையும் அடித்தேன். கணினி நம்மைப் போல இல்லை. நாம் முகத்தைப் பார்ப்போம். அது எண்ணை மட்டும் பார்க்கும். கெடுதல் நடந்ததே அதனால்தான்.

2

ஆகவே நேராகக் கனகசுந்தரத்திடம் போய்விடலாம். வயது இருபத்தாறு, டெக்னீஷியன். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், வீட்டில் எல்லாரும் பேனா பிடித்தவர்கள். ஸ்குரூ டிரைவர் பிடித்த முதல் ஆள் இவன்தான், அதில் அம்மாவுக்கு மனக்குறை. ஆயர் ஈத்தாம் ஃபிளாட் ஒன்றில் 3ஏ மாடியில் குடியிருந்தான்.

[3ஏ என்றால் நான்காம் மாடி. சீனர்களுக்கு நான்கு ஆகாத எண். அதனால் இங்கே பல கட்டடங்களில் மூன்று, 3ஏ, ஐந்து என்றுதான் போகும். எங்களில் யாருக்கும் அது விநோதமாகப் பட்டதேயில்லை.]

தொழிற்சாலையிலும் அதே வழக்கம். கணினிச் சில்லு சோதிக்கும் வரிசையில் இருபது கணினிகள். 13க்குப் பக்கத்தில் 13ஏ, அப்புறம் 15. அந்த வருடம்தான் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் மாட்டி, அலுவலகத்து சர்வரோடு இணைத்தார்கள். அதுவரை யார் எத்தனை சோதித்தோம் என்று தாளில் எழுதுவோம். (எழுதுவார்கள் என்று படியுங்கள்.) இனித் தாள் வேண்டாம், கணினியே சொல்லிவிடும் என்றார்கள்.

3

கொஞ்சம் பாடம். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு அடையாளம். ஒன்று, உள்ளே இருக்கும் கார்டில் அதைச் செய்தவன் பதித்த நீண்ட எண். இன்னொன்று நாம் தட்டிவைக்கும் முகவரி. சர்வர் கேபிளில் "13 யார்?" என்று கேட்கும். "நான்" என்கிற கார்டின் நீண்ட எண்ணைக் குறித்துக்கொண்டு அதனோடு பேசும். இரண்டு பெட்டிகள் "நான்" என்றால், கடைசியாகச் சொன்னதை நம்பும். மற்றதன் தொடர்பு அறுந்துபோகும். எது அனுப்பினாலும் 13 என்ற முகவரியிலிருந்து வந்தது 13 செய்த வேலைதான்.

கனகசுந்தரம் ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து முகவரி தட்டிக்கொண்டே வந்தான். அன்று 13ஆம் கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. 13ஏயில் உட்கார்ந்து 13 தட்டினான். ஏ விழவில்லை, பெட்டி பீப் என்றது. முகவரியில் எழுத்துக்கு இடமில்லை. அங்கே 14 போட வேண்டும். சர்வர் பட்டியலில் அப்படித்தான் இருந்தது, அவனுக்கும் தெரியும். அதற்குள் தேநீர் மணி அடித்தது. என்டரைத் தட்டிவிட்டு எழுந்துபோனான்.

(இங்கே ஒரு மனப்போராட்டம் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவனுக்குப் பசி, அவ்வளவுதான்.)

மறுநாள் 13 திரும்பி வந்தது. வேறொருவர் அதில் 13 என்று தட்டினார். சரியாகத்தான் தட்டினார்.

4

13ஏயில் வேலை பார்த்தவள் புஷ்பவள்ளி. பைராம் தோட்டத்துப் பெண். வந்து ஐந்து மாதம், ஆறாவது மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். கை அப்படி ஒரு வேகம். தேநீர் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக் கதைகளைப் பக்கத்து இடத்துக்காரிக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுவாள்.

அவள் திரையில் "தொடர்பு இல்லை" என்று வரும். மறுபடி இணைப்பாள். உடனே 13இன் திரை அறுந்துபோகும். 13இல் இருப்பவள் இணைப்பாள், இவளுடையது அறுந்துபோகும். இடையில் செய்த வேலையைப் பெட்டி சேர்த்துவைத்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பிவிடும். எல்லாம் 13 என்ற முகவரியில்தான் போய்ச் சேர்ந்தது. சோதித்த தட்டுகளெல்லாம் ஒரே வண்டியில் ஏறுவதால், எது யாருடையது என்று பார்க்கவும் வழியில்லை.

"13ஏ கோசோங்லா, புஷ்பா. ரெண்டு வாரமா காலி," என்றார் சூப்பர்வைசர் சித்தி ஹாஜரா.

"நான் செய்றேன்கா! நீங்களே பாக்குறீங்கதானே?"

"நான் பாக்குறேன். ஆபிஸ் ரிப்போர்ட்டத்தானே பாக்குது."

இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. மூன்றாவது கடிதம், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

5

வெள்ளிக்கிழமை காலையில் கனகசுந்தரம் லிஃப்டில் 3ஏ பொத்தானைப் பார்த்தான், பொறி தட்டியது என்று எழுதியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த லிஃப்ட் அப்போது மூன்று மாதமாக ஓடவில்லை.

நடந்தது இது. 13ஏயின் கேபிளைக் கழற்றிவிட்டு, சர்வரிலிருந்து 13ஐக் கூப்பிட்டான். பதில் வந்தது. கேபிளை மாட்டி, 13இன் கேபிளைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டான். அப்போதும் 13 பதில் சொன்னது. 13ஏயின் முகவரியை 14 என்று மாற்றினான். பிறகு 13இல் இருந்தவளிடம் வந்தான்.

"அக்கா, தப்பு என்னோடது. ஆனா அவ செஞ்சதெல்லாம் உங்க பேர்ல ஏறியிருக்கு. நான் மட்டும் சொன்னா, தமிழ்ப் பிள்ளையக் காப்பாத்த வந்துட்டான்னு சொல்வாங்க. நீங்களும் வாங்கக்கா."

"எனக்கென்ன தம்பி தெரியும்? கம்ப்யூட்டர் சொன்னதுதானே."

"அவளுது செத்தா உங்களுது வருது, உங்களுது செத்தா அவளுது வருது. பக்கத்துலயே இருந்துட்டுத் தெரியாதா?"

அவள் அடுத்த தட்டை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தாள். அன்று காலைதான் அந்த மாதத்தின் சிறந்த ஓப்பரேட்டர் என்று அவளைக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்திருந்தார்கள். பெட்டி அவள் காலடியில் இருந்தது.

6

முடிவு அ: கனகசுந்தரம் தனியாகப் போய்ச் சொல்கிறான். எழுதிப் பார்த்தேன், அலுவலகக் கதவு வரைக்கும்தான் வந்தான். அவனை நல்லவன் என்பதா, கோழை என்பதா என்று எனக்கே பிடிபடவில்லை. அவள் வர மறுத்தது அவனுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

முடிவு ஆ: 13இல் இருந்தவள் எழுந்து...

நடந்த முடிவு: புஷ்பவள்ளி நான்கு மணிக்கு உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் கடிதத்தோடு வந்தாள். லாக்கரைக் காலி செய்துவிட்டு 13க்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க மெஷினும் அடிக்கடி செத்துப்போவுதே. அதையாச்சும் பாக்கச் சொல்லுங்க. உங்களுக்கும் லெட்டர் குடுத்துடப் போறாங்க."

7

13இல் இருந்தவளுக்கு நான் பெயரே வைக்கவில்லை. கவனித்தீர்களா? கனகசுந்தரத்தின் பசி, பயம், அவன் அம்மாவின் மனக்குறை எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னது அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான். அந்தப் பெட்டியில் இருந்தது ரைஸ் குக்கர். வெட்கமாக இருக்கிறது.

இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். பைராம் தோட்டத்தில் அதை இன்னும் வாங்குகிறார்களாம். புஷ்பவள்ளி எப்படியும் படிப்பாள். கனகசுந்தரமும் மற்றவர்களும் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறார்கள். மிச்சம் என் பெயர் ஒன்றுதான். அதைப் போடுவதா வேண்டாமா என்று உறையை ஒட்டும்வரை முடிவு செய்யப் போவதில்லை.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. தலைப்புக்குக் கீழே நீங்களே பாருங்கள். அங்கே ஒரு பெயர் அச்சாகியிருந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். இல்லையென்றால் இன்று மத்தியானமும் எங்கள் வீட்டில் அந்தக் குக்கர் சோறுதான்.