நிரம்பாத தொட்டி

1

இந்தக் கதை கக்கூஸ் தொட்டியில் பிறந்தது. இதற்குக் கௌரவமான வேறு பிறப்பிடம் தேடி மத்தியானத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். கிடைக்கவில்லை.

முதல் தொடக்கம்: "சோலைமலை வீட்டுத் தொட்டி இருபத்திரண்டு வருடமாக நிரம்பியதே இல்லை. அந்தப் பெருமையில் அவர்..."

அடித்துவிட்டேன். சோலைமலை என்று யாரும் இல்லை. அவர் என் கணவர் கிளெமென்ட். எங்கள் வீட்டுக்கு இன்றுவரை செப்டிக் டேங்க் லாரி வந்ததில்லை என்று கல்யாணப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்துகொண்டே சொல்லக்கூடிய மனிதர். பெயரை மாற்றினால் வெட்கம் குறையுமா என்று பார்த்தேன். குறையக் காணோம்.

(ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். திண்டுக்கல் ஆத்தூர் பக்கம், வாய்க்கால் ஓரம், ஒரு பேரூராட்சி. நான் இங்கேதான் குடியிருந்தாக வேண்டும்.)

2

இன்று காலை சுகாதார ஆய்வாளர் வந்தார். பெயர் புவனேஸ்வரி. வாய்க்கால், கிணறு பக்கத்திலிருக்கும் வீடுகளில் தொட்டியைச் சோதிக்கிறார்களாம். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே என்று இவரை லஞ்சம் கேட்கிறவராக எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண் காப்பிகூடக் குடிக்கவில்லை. சரி, நல்லவராக்கிவிடலாம் என்றால் கனிவாக ஒரு வார்த்தை பேசினாரா? அதுவும் இல்லை. அளக்கும் டேப்பின் நுனியைப் பிடிக்கச் சொன்னார். கதைக்கு ஆகாத பெண்.

கடைசியாக எப்போது லாரி விட்டு எடுத்தீர்கள் என்று கேட்டார். கிளெமென்ட் மீசையைத் தடவிக்கொண்டு, எடுத்ததே இல்லை, நிரம்பினால்தானே எடுப்பதற்கு என்றார். அடியில் கான்கிரீட் போடாமல் வெறும் மணலாக விட்ட கொத்தனாரின் சாமர்த்தியத்தையும் விளக்கினார்.

புவனேஸ்வரி எழுதுவதை நிறுத்தினார்.

"நெறையலைன்னா, அம்புட்டும் எங்க போகுதுண்ணே?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை. இதில் நான் கதை எழுதுகிறவள் வேறு.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். சுவருக்கு மேலே டேப்பை இழுத்ததில், அந்த வீட்டுக் கிணறு முப்பத்தோராவது அடியில் வந்தது.*

* எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். இதைப்போல இரண்டு மடங்கு என்றார்.

3

கௌசல்யாவை அறிமுகப்படுத்தாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான். அந்தக் கிணறு அவளுடையது. மல்லியும் கனகாம்பரமும் போட்டிருக்கிறாள். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் குடிப்பதற்கும் கிணறுதான். எட்டு வயது மகளுக்கு இந்த வருடம் இரண்டாவது தடவையாக மஞ்சள்காமாலை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இன்று சாயங்காலம் கூட்டி வருகிறாள்.

முதல் தடவை வந்தபோது, கடைத் தீனி வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்காதே என்று அவளைக் கண்டித்தவள் நான். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு அழுதாள். அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புவனேஸ்வரி முப்பது நாள் கெடு வைத்து நோட்டீஸ் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரை நாளை வந்து சோதனைக்கு எடுப்பாராம். புறப்படும்போது என்னிடம், "வீடு பூட்டிக் கெடக்கு. அவுக வந்ததும் இந்தத் தண்ணிய வாயில வைக்க வேணாம்னு நீங்க சொல்லிருங்கக்கா" என்றார்.

அவர் தலை மறைந்ததும் கிளெமென்ட் வாயைத் திறந்தார். "சோதனையில வந்தா வரட்டும் செல்வி. நம்மளா போயி ஏன் சொல்லணும்?"

கோபமாகப் பதில் சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. உள்ளே வந்து இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

4

முடிவு ஒன்று: நான் சொல்கிறேன். கௌசல்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் நடந்ததுதானே அக்கா என்று... (பொய். எந்தத் தாய் அப்படிச் சொல்வாள்?)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. நாளை ஆய்வாளர் சொல்லிக்கொள்வார். ஒரே ஒரு ராத்திரி. அந்தப் பிள்ளை எத்தனை தம்ளர் குடித்துவிடும், மூன்றா, நான்கா? மருந்து குடிக்கவும் தண்ணீர்...

முடிவு மூன்று: கிணற்றில் எலி செத்து மிதக்கிறது என்று சொல்லிவிடலாம். [இதை எழுதும்போது கை கூசவில்லை. நல்ல முடிவு என்றுகூடத் தோன்றியது. சீ.]

5

ஆட்டோ வந்து நிற்கிறது. கதவு திறக்கும் சத்தம். செத்த நேரத்தில் கிணற்று மோட்டாரும் ஓடுகிறது.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பக்கத்தைத் திருப்பிவிட்டு உங்கள் ஜோலியைப் பார்ப்பீர்கள். அங்கே அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

எழுந்து போய்ச் சுவரோரம் நின்று கூப்பிட்டேன்.

"கௌசல்யா, அந்தத் தண்ணியப் பாப்பாவுக்குக் குடுக்காத. அது எங்க வீட்டுத் தண்ணி."

நிமிர்ந்து பார்க்கிறாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. புரிந்த பிறகு என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவதில்லை. நின்று கேட்கப்போகிறேன்.